தாங்காத தகடு

மேசைமேல் இரண்டு செட்டும் இருந்தன. இடது பக்கம் பெனடிக்ட் திருவெறும்பூர் லேத்தில் சொல்லிச் செய்து வாங்கிய டார்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பி இரண்டு, எண்ணெய் பூசிப் பழைய சாக்கில் சுற்றியபடி. வலது பக்கம் கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வந்த, வண்டியைத் தாழ்த்துகிற கிட்டு. சிவப்பு ஸ்பிரிங், தங்க நிறத் திருகு, பளபளவென்று கல்யாணப் பெண்ணின் நகைப்பெட்டி மாதிரி. இரண்டுக்கும் நடுவே, ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திய கறுப்பு அம்பாசிடர்.

அரியலூரில் ஜெயங்கொண்டம் ரோட்டில் இருக்கும் அந்தப் பட்டறைக்குப் பத்து வண்டி வந்தால் எட்டு வண்டி சுண்ணாம்புக்கல் லாரிதான். சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றி ஏற்றி ஸ்பிரிங் பட்டை ஒடிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு வரும். பட்டையைக் கழற்றி, வளைவு ஏற்றி, ஒன்று கூடுதலாகச் சேர்த்துக் கட்டி அனுப்புவான் பெனடிக்ட். அந்த எட்டு லாரியில் ஆறு தமிழழகனுடையது. இந்த அம்பாசிடரும் அவன் கொண்டுவந்து விட்டதுதான். ஆனால் வண்டி அவனுடையது இல்லை. பெரம்பலூரில் டாக்டராக இருந்து இறந்துபோன அவன் மாமனாருடையது. இப்போது மனைவி சத்யப்பிரியாவின் பெயரில் இருக்கிறது.

அன்று இருவருமே வந்திருந்தார்கள்.

"எது நல்லதுங்க?" என்று கேட்டாள் சத்யப்பிரியா.

பெனடிக்ட் குனிந்து வண்டியின் அடியைக் காட்டினான். "பாருங்கம்மா. இந்த வண்டியில முன்பக்க பாரத்தத் தாங்குறது இந்த நீளக் கம்பி. வீல் ஏறி எறங்குறப்ப இது முறுக்கிக் குடுக்கும். இதோட இன்னொரு முனை சீட்டுக்குக் கீழ அடித்தட்டுல மாட்டியிருக்கு. அங்க இரும்பு கெட்டியா இருக்கு. கிட்டு போட்டா இந்தக் கம்பியக் கழட்டிறணும். பாரம் பூரா மேல, இந்தா, இந்தத் தகட்டுல ஏறிரும். இது வெறும் ஷாக் அப்சார்பரப் புடிச்சு நிறுத்துறதுக்கு வச்ச தகடு. வண்டியத் தூக்கி நிறுத்த வச்சதில்ல. அதுவும் அம்பது வருசத் தகடு."

"அப்ப பழைய மாதிரியே கனமான கம்பி போட்டுருங்க. பின்னாடி பட்டைக்கு என்ன செய்யணுமோ செஞ்சுருங்க."

தமிழழகன் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "கிட்டு போடு. வண்டி நாலு இஞ்சு கீழ எறங்கணும். திருச்சி ஷோவுல நிக்கிற வண்டி எல்லாம் தரையத் தொட்டுட்டு நிக்கிது. இது மட்டும் கெழவன் வேட்டியத் தூக்கிக் கட்டுன மாதிரி நிக்கிது."

"ரோட்டுல ஓட்டுற வண்டிங்க இது. பாப்பாவ ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறது நான்தான்."

"கிட்டு போடுன்னேன்."

"வண்டி என் பேர்ல இருக்கு," என்றாள் அவள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

தமிழழகன் போனைச் சட்டைப் பையில் வைத்தான். நிதானமாகத்தான் வைத்தான். பிறகு புறங்கையால் அவள் வாயில் அடித்தான். அவள் மேசையில் மோதினாள். சிவப்பு ஸ்பிரிங் ஒன்று உருண்டு தரையில் விழுந்து துள்ளியது. வெல்டர் பிரேம்குமார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியவன் அப்படியே நின்றுவிட்டான். இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியபோது பெனடிக்ட் குறுக்கே போனான்.

"சார், பட்டறையில வேணாம் சார். பொம்பளைய..."

அவ்வளவுதான் சொன்னான். தமிழழகன் அவன் சட்டையைப் பிடித்து அம்பாசிடர் மேல் தள்ளினான். பிடிமானத்துக்காகப் பெனடிக்டின் இடது கை திறந்திருந்த கதவு இடுக்கில் போனது. தமிழழகன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் கதவை அறைந்தான். பழைய கதவு, கனம் அதிகம். சுள்ளி ஒடிகிற சத்தம் கேட்டது. பிறகுதான் பெனடிக்ட் கத்தினான்.

"பொம்பளையப் பத்தி எங்கிட்டப் பேசாத. அடுத்த சனிக்கெழம வருவேன். கிட்டு மாட்டியிருக்கணும்," என்றான் தமிழழகன்.

வாயிலிருந்து வழிந்த ரத்தத்தை முந்தானையால் பொத்திக்கொண்டு சத்யப்பிரியா பெனடிக்டைப் பார்த்தாள். தமிழழகன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

நடுவிரலும் மோதிர விரலும் ஒடிந்திருந்தன. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டபோது போலீஸ்காரர் ஒருவர் எப்படி ஆச்சு என்று கேட்டார். ஜாக்கி நழுவிட்டுச்சு என்றான் பெனடிக்ட். பக்கத்தில் மனைவி ஷைனி நின்றிருந்தாள். ஷைனி ஏலாக்குறிச்சியில் பள்ளிக்கூட டீச்சர். பொய் சொல்லும் பிள்ளையின் முகம் அவளுக்குப் பார்த்தவுடன் தெரியும்.

"ஏன் சொல்லல?" என்றாள் வீட்டுக்குள் வந்ததும்.

"சொன்னா நாளைக்குப் பட்டறைக்கு ஒரு லாரி வராது."

"கம்ப்ளெயின்ட் குடுக்கலைன்னா அடுத்த தடவ கைய ஒடச்சுட்டுப் போவான்."

"அடுத்த தடவ வராது," என்றான் பெனடிக்ட்.

அதை ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே அப்போது தெரியாது. புதன்கிழமைதான் தெரிந்தது.

புதன்கிழமை டார்ஷன் பாரைக் கழற்றிவிட்டு மேல்தகட்டில் அப்பியிருந்த தாரைச் சுரண்டினான். ஒற்றைக் கை வேலை. தாருக்குக் கீழே தகடு பழுத்த இலை மாதிரி இருந்தது. ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினான். முனை உள்ளே போய்விட்டது. இடது பக்கம்தான் மோசம். டாக்டர் மனுஷன் மழையென்றும் சேறென்றும் பார்க்காமல் ஓட்டிய வண்டி.

பிரேம்குமார் குனிந்து பார்த்தான். "அண்ணே, இது தாங்காது. வெட்டி எடுத்துட்டுப் புதுத் தகடு ஒட்டிர்றேன். ஒரு மணி நேர வேலை."

பெனடிக்டின் ஒடிந்த விரல்கள் கட்டுக்குள் துடித்துக்கொண்டிருந்தன. அந்தத் துடிப்பின் கூடவே ஒரு படம் வந்தது. திருச்சி ரோடு, பாடாலூர் தாண்டி நாலு வழிச்சாலை. தமிழழகன் எண்பதில் போகிறான், தொண்ணூறில் போகிறான். அவன் மெதுவாக ஓட்டுகிற ஆள் இல்லை. ஒரு பாலத்தின் மூட்டில் இடது சக்கரம் குதிக்கிறது. தகடு கிழிகிறது. அதற்குமேல் அந்தப் படத்தைப் பெனடிக்ட் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிப் பார்த்தான். கண்ணாடி, ரத்தம், சாலை நடுவில் குப்புறக் கிடக்கும் வெள்ளைச் சட்டை. இரண்டு நாளாக நெஞ்சில் அடைத்திருந்த ஏதோ ஒன்று இளகியது.

"வேணாம்," என்றான்.

"அண்ணே..."

"அவன் என்ன கேட்டான்? கிட்டு. மாட்டிக் குடு. மேல தார் அடி."

பிரேம்குமார் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து வைத்தான். பிறகு தார் டப்பாவை எடுக்கப் போனான். சனிக்கிழமை தமிழழகன் வந்து, வண்டியைச் சுற்றி நடந்து, முன்பக்கம் தாழ்ந்து நிற்பதைக் கண்டு சிரித்தான். "இத மொதல்லயே செஞ்சிருந்தா வெரல் மிஞ்சியிருக்கும்ல?" என்று பெனடிக்டின் தோளில் தட்டினான். பெனடிக்டும் சிரித்தான். பல வருடத்தில் அவ்வளவு மனமாரச் சிரித்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து மாதா கோயிலைவிட்டு வெளியே வரும்போது போன் அடித்தது. புது நம்பர்.

"மெக்கானிக்குங்களா? நான் சத்யப்பிரியா பேசறேன். பெரம்பலூர் பெட்ரோல் பங்க்ல நிக்கிறோம். அரியலூர்ல லாரி ஓனர்ஸ் சங்க விழா, வண்டியக் காட்டணும்னு எல்லாரையும் கூட்டிட்டு வர்றாரு. முன்னாடி எடது பக்கம் டொக்கு டொக்குனு சத்தம் வருதுங்க. அவரு ஒண்ணுமில்லைங்கறாரு. பாப்பா பின்னாடி இருக்கா. ஓட்டலாங்களா?"

எண்பதும் தொண்ணூறும் போட்டு ஓட்டிப் பார்த்த அந்தப் படத்தில் வண்டிக்குள் ஒரே ஆள்தான் இருந்தான். மற்ற மூன்று சீட்டையும் பெனடிக்ட் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எறங்கிருங்கம்மா. ஓட்டக் கூடாது. பாப்பாவ எறக்குங்க. அந்த எடது பக்கம்..."

"யாருடி போன்ல?" என்று தமிழழகனின் குரல் கேட்டது. லைன் அறுந்தது. திரும்ப அடித்தால் அணைத்து வைத்திருந்தது.

கட்டுப் போட்ட கையோடு அவனால் வண்டி ஓட்ட முடியாது. பட்டறைக்குப் பக்கத்தில் குடியிருந்த பிரேம்குமாரை எழுப்பி, அவன் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டான். "பெரம்பலூர் ரோடு. எதுக்க வருவாங்க. வெரட்டு." காரணம் சொல்லவில்லை. பிரேம்குமார் கேட்கவுமில்லை. லாரிகள் உழுது போட்ட ரோட்டில் பள்ளம் பள்ளமாகக் குதித்துப் போனார்கள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பெனடிக்ட் அந்தத் தகட்டை நினைத்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் ஓரத்துப் புளியமரங்களைப் பார்த்தான்.

பேரளிக்குக் கொஞ்சம் முன்னால், சோளக்காட்டு ஓரமாகக் கறுப்பு வண்டி வருவது தெரிந்தது. இடது முன்பக்கம் நொண்டிக்கொண்டு வந்தது. பெனடிக்ட் பைக்கிலிருந்து குதித்து நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். தமிழழகன் ஹாரனை அடித்தான். வேகத்தைக் குறைக்காமலே இன்னும் கொஞ்சம் வந்தான். கடைசியில்தான் பிரேக்கை மிதித்தான்.

பாரம் முழுக்க முன்னால் வந்தது. படாரென்று ஒரு சத்தம். இடது பக்கம் தகடு கிழிந்து, மட்கார்டு டயரின் மேல் உட்கார்ந்தது. வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, ரோட்டு ஓரத்து மைல்கல்லில் இடித்து நின்றது. நல்ல வேளை, வேகம் போயிருந்தது. பின்கதவு திறந்து ஒன்பது வயது இதழினி இறங்கினாள். முன்சீட்டில் மோதி நெற்றி பிளந்திருந்தது. ரத்தம் புருவத்தைத் தாண்டி வழிந்தது. அவள் அழவில்லை. நடுரோட்டில் கை விரித்து நின்ற ஆளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒழுங்கா மாட்டத் துப்பில்லையாடா ஒனக்கு?" தமிழழகன் டிக்கியைத் திறந்து வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தான்.

கிட்டு மட்டமான கிட்டு என்று சொல்லியிருக்கலாம். நான் அன்றைக்கே சொன்னேன், நீதான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது.

"தகடு மக்கிப் போயிருந்துச்சு. தெரிஞ்சேதான் மாட்டினேன்," என்றான் பெனடிக்ட். "நீ தனியா ஓட்டுவேன்னு நெனச்சேன்."

முதல் அடி தோள்பட்டையில் விழுந்தது. எலும்பு ஒடிந்தது அவனுக்கே கேட்டது. இரண்டாவது அடி விலாவில். மூன்றாவது வாயில். பல் ஒன்று நாக்கில் வந்து உட்கார்ந்தது. கீழே விழுந்த பிறகு அவன் எண்ணவில்லை. பிரேம்குமார் பின்னாலிருந்து தமிழழகனின் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். தமிழழகன் முழங்கையால் அவன் மூக்கை உடைத்து உதறிவிட்டான். அரியலூர் பஸ் ஒன்று வந்து நின்றது. ஜன்னல் முழுக்கத் தலைகள், தலைக்கு ஒரு போன். யாரும் இறங்கவில்லை.

"விடுங்க! செத்துருவாரு!" சத்யப்பிரியா ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"போன் போட்டு அவன்கிட்டயா கேக்குற? எத்தன நாளாடி நடக்குது?" தமிழழகன் திரும்பினான். ஸ்பேனர் அவள் தலைக்கு மேல் உயர்ந்தது. அவள் தலையை ஒதுக்கினாள். அடி முன்கையில் விழுந்தது. அம்மா என்று கத்திக்கொண்டு இதழினி நடுவில் வந்தாள். அவன் மகளின் சடையைப் பிடித்து அப்பால் எறிந்தான். பிள்ளை தார் ரோட்டில் முழங்கால் தேய விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பெனடிக்ட் தரையில் கன்னத்தை வைத்தபடி பக்கவாட்டில் பார்த்தான். சத்யப்பிரியா ஓடவில்லை. நடந்துதான் டிக்கிக்குப் போனாள். ஜாக்கிக் கம்பியை எடுத்தாள். அடிபட்ட கை தொங்கிக்கொண்டிருந்தது. மற்றக் கையால் அதைத் தூக்கி, புருஷனின் முழங்காலுக்குப் பக்கவாட்டில் வீசினாள். அவன் உட்கார்ந்தான். நம்பாதவன் மாதிரி அவளை அண்ணாந்து பார்த்தான். அவள் அதே காலில் இன்னொரு தடவை அடித்தாள். மூன்றாவது தடவையும் அதே இடத்தில். நாலாவதுக்குத் தலைக்கு நேராக ஓங்கியபோது, மூக்கில் ரத்தம் ஒழுக ஓடிவந்து பிரேம்குமார் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"போதும்மா. பாப்பா பாக்குது. போதும்."

அவள் கம்பியை விட்டாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒன்பது வயதுப் பிள்ளை, தூக்கும் வயது தாண்டியது. அப்படியே பெனடிக்டின் அருகில் வந்து நின்றாள்.

"தெரியும்னு சொன்னீங்களே. சரி பண்ணியிருக்க முடியாதா?"

பெனடிக்ட் பேசுவதற்குள் பிரேம்குமார் உடைந்துவிட்டான். "ஒரு மணி நேர வேலைம்மா. ஒட்டுறேன்னு சொன்னேன். அண்ணன்தான் வேணாம்னாரு. நானும்தான் தார அடிச்சேன்."

"உள்ள வேற யாரு உக்காருவாங்கன்னு ஒரு தடவகூடத் தோணலையா?"

"இல்லம்மா," என்றான் பெனடிக்ட். உடைந்த வாயில் அந்தச் சொல் சரியாக வரவில்லை. அவளுக்குப் புரிந்தது.

அவள் குனிந்து அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அன்று அவன் வாங்கியதில் வலுவில்லாத அடி அதுதான். ரொம்ப நாளைக்கு உறைத்ததும் அதுதான்.

நூற்றியெட்டு ஆம்புலன்ஸ் ஒன்றுதான் வந்தது. ஆகவே பெனடிக்டையும் தமிழழகனையும் ஒரே வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்துப் பெரம்பலூருக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழிவரை தமிழழகன் கெட்ட வார்த்தையாகவே பேசிக்கொண்டு வந்தான். ஊசி போட்டதும் குரல் இறங்கியது.

"என்னக் கொல்லத்தானே மாட்டின?"

"ஆமா."

பிறகு தமிழழகன் அழ ஆரம்பித்தான். வலிக்காக இல்லை. "என் பொண்டாட்டி என் கால ஒடச்சுட்டாடா," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பதினோரு வருடமாக அடி வாங்கியவள் திருப்பி அடிப்பாள் என்பது அவனுக்கு உலகத்தில் நடக்காத காரியமாக இருந்திருக்க வேண்டும். பெனடிக்டுக்கு அவன்மேல் இரக்கமும் வரவில்லை, அத்தனை நாள் இருந்த வெறியும் இல்லை. பக்கத்தில் கிடந்தவன் வேர்த்து நாறுகிற ஒரு மனிதன். அவ்வளவுதான்.

ஷைனி ஆஸ்பத்திரிக்கு வந்ததும் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். தகட்டையும் தாரையும் அவன் மறைக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு எழுந்து வெளியே போனாள். ஒரு மணி நேரம் கழித்து இளநீரோடு திரும்பி வந்தாள். "குடிங்க," என்றாள்.

பஸ்ஸிலிருந்து எடுத்த படம் ஊர் ஊராகச் சுற்றியதால் வழக்கு அமுங்காமல் நின்றது. சத்யப்பிரியா மகளோடு அப்பாவின் பெரம்பலூர் வீட்டுக்குப் போய்விட்டாள். தமிழழகனுக்கு இரண்டு ஆபரேஷன் ஆனது. கால் மடங்கவில்லை. அவன் லாரிகள் பெனடிக்டின் பட்டறையை விட்டு நின்றன. அதைப் பார்த்து மற்ற லாரிகளும் நின்றன. பிரேம்குமார் பெரம்பலூரில் வேறு பட்டறையில் சேர்ந்தான். அம்பாசிடரும் அங்கேதான் போனது. அவளே நேரில் நின்று, கிட்டைக் கழற்றிப் போடச் சொல்லி, கனமான டார்ஷன் பார் புதிதாகச் செய்யச் சொல்லி, இரண்டு பக்கமும் தகடு மாற்றச் சொன்னாளாம். ஒட்டுவதற்கு முன் பழைய தகட்டைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாளாம். பெனடிக்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

எட்டு மாதம் கழித்துப் பெரம்பலூர் கோர்ட்டில் பெனடிக்ட் சாட்சிக் கூண்டில் ஏறினான். கூண்டுக்கு வெளியே அரசு வக்கீல் ஏற்கெனவே காதில் போட்டு வைத்திருந்தார். "அவன் கதவுல வெரல ஒடச்சது, ரோட்டுல அடிச்சது, பொண்டாட்டியையும் புள்ளையையும் அடிச்சது. இது போதும். தகடு கதைய நீங்களா எடுக்காதீங்க. அது தானா கிழிஞ்சுச்சு. அப்படியே இருக்கட்டும்."

விரலைச் சொன்னான். ஸ்பேனரைச் சொன்னான். சடையைப் பிடித்து எறிந்ததைச் சொன்னான். எதிர் வக்கீல் எழுந்து, "ஒங்க ரிப்பேர்ல கோளாறுனாலதான் எங்க கட்சிக்காரர் ஆத்திரப்பட்டாரு, இல்லையா?" என்று கேட்டார்.

"கோளாறு இல்லைங்க," என்றான் பெனடிக்ட். "தகடு தாங்காதுன்னு தெரியும். சரி பண்ண ஆள் இருந்துச்சு, நேரமும் இருந்துச்சு. நான் வேணாம்னுட்டேன். இவரு சாவணும்னு நெனச்சுத்தான் அப்படியே விட்டேன்."

அரசு வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலை நிமிர்ந்தார். "என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"ஆமாங்கய்யா."

"இதனால ஒங்க மேலயும் வழக்கு வரும்."

"வரட்டுங்கய்யா. அந்தப் புள்ளைக்கு நெத்தியில ஏழு தையல். அது இவரு அடிச்சதுல வந்ததில்ல."

பின்வரிசையில் சத்யப்பிரியா உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. மடியில் வைத்திருந்த பையின் வாரை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

வெளியே வேப்பமர நிழலில் அவள் பெனடிக்டையும் ஷைனியையும் கடந்து போனபோது ஷைனி ஓர் எட்டு முன்னால் வைத்தாள். சத்யப்பிரியா நின்றாள்.

"மன்னிச்சுட்டேன்னு சொல்ல வரல," என்றாள், பெனடிக்டைப் பார்க்காமல் ஷைனியிடமே. "என் பொண்ணு இன்னும் முன்சீட்டுல ஒக்கார மாட்டேங்கிறா. பின்னாடியும் ஒக்கார மாட்டேங்கிறா. பஸ்லதான் ஸ்கூலுக்குப் போறா."

"நாங்க எதுவும் எதிர்பாத்து வரலம்மா," என்றாள் ஷைனி.

சத்யப்பிரியா தலையசைத்துவிட்டுப் போனாள்.

அவர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். தோள்பட்டை சரியாகக் கூடாததால் பெனடிக்டுக்கு இடது கையை மேலே தூக்க முடியாது. அரியலூர் பஸ்ஸில் ஏறும்போது ஷைனி அவன் பின்னால் நின்று முதுகில் கை கொடுத்துத் தள்ளிவிட்டாள். உட்கார இடம் கிடைத்தது.

"ஏன் சொன்னீங்க?" என்று கேட்டாள், பஸ் கிளம்பிய பிறகு. "வக்கீல் வேணாம்னாருல்ல."

"ஜாக்கி நழுவிட்டுச்சுன்னு ஒரு தடவ சொன்னது போதும்."

அவள் கைப்பையிலிருந்து, கோர்ட்டில் அடுத்த வாய்தாத் தேதி எழுதிக் கொடுத்த தாளை எடுத்து, அடுத்த மாதம் எந்தத் தேதிக்கு லீவு எழுத வேண்டும் என்று பார்க்க ஆரம்பித்தாள்.